அந்தக் கோயில் வேண்டாம் என்றவர்களுக்கு

மாதத் தமிழ்த் திருப்பலிக்கு இடம் தேடிக்கொண்டிருக்கும் டெக்சாஸ் வாழ் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்



போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கோயில்களின் பெயர்கள் வந்தன. ஒன்று புறநகரில் இருப்பது. புதுக் கட்டடம், பெரிய கார் நிறுத்துமிடம், குளிரூட்டிய ஹால். மற்றது நகரின் பழைய பகுதியில், கறுப்பினக் கத்தோலிக்கர்கள் தலைமுறை தலைமுறையாகப் பூசை காண்கிற கோயில். இரண்டாவதற்கு வந்த பதில்களைப் பின்னால் தள்ளிப் பார்த்தால் இன்னும் அங்கேயே இருக்கும். ஏரியா சரியில்லை என்றார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே எப்படி என்றார்கள். ஓர் அண்ணன் மட்டும் மூடி மறைக்காமல், ‘அது அவங்க கோயிலுங்க, நமக்கு எதுக்கு?’ என்று எழுதினார். அதற்கு விழுந்த கட்டைவிரல்களை எண்ணுவதைப் பாதியில் விட்டுவிட்டேன்.

இதே குழுவில் 2025 மே மாதம் நடந்ததையும் மறக்கவில்லை. திருத்தந்தை பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்ட மறுநாளே, அவருடைய தாய்வழித் தாத்தா பாட்டி நியூ ஆர்லியன்ஸின் கிரியோல் குடும்பத்தார், கறுப்பின வேர் உள்ளவர்கள் என்ற செய்தி வந்தது. நாம் எல்லோரும் அதை இதயக்குறி போட்டு அனுப்பினோம். நன்றி செலுத்தும் நாள் விடுமுறையில் நியூ ஆர்லியன்ஸ் போகிற நம் குடும்பங்கள், ட்ரெமே புனித அகுஸ்தினார் கோயிலின் ஜாஸ் பூசையில் எடுத்த படங்களை ஆண்டுதோறும் போடுகின்றன. அந்தக் கோயிலும் ‘அவங்க கோயில்’தான். ஐந்து மணி நேரம் காரோட்டி அங்கே போகலாம், இருபது நிமிடத்தில் இருக்கிற இங்கே போகக் கூடாதா? பதில் எழுத உட்கார்ந்தேன், குழுவில் போடுகிற அளவில் நிற்கவில்லை. ட்ரெமேயின் கதையை முழுதாகச் சொல்லாமல் என் வாதம் விளங்காது, அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

பிரெஞ்சு குவார்ட்டரிலிருந்து ராம்பார்ட் தெருவைத் தாண்டினால் ட்ரெமே. 1842 அக்டோபர் 9 அன்று புனித அகுஸ்தினார் கோயில் அங்கே அர்ச்சிக்கப்பட்டது. நிலம் ஊர்சுலின் கன்னியர் தந்தது. வரைபடம் போட்ட த பூயிதான் பின்னாளில் அந்நகரின் புனித லூயி பேராலயத்தையும் திருப்பிக் கட்டினார். அன்றைய லூசியானாவில் சமூகம் மூன்று அடுக்கு. மேலே வெள்ளையர், கீழே அடிமைகள், நடுவே அடிமைத்தளை இல்லாத கறுப்பர்களும் கலப்பினத்தவர்களும். இந்த நடு அடுக்கில் கொத்தனார், தச்சர், தையற்காரர், செருப்புத் தைப்பவர், வீடு வாசல் உள்ள சீமாட்டிகள் எல்லாரும் உண்டு. வீட்டில் பிரெஞ்சு, ஞாயிறு பூசை. அடிமைகளும் கத்தோலிக்கர்களே, 1724ஆம் ஆண்டின் பிரெஞ்சு அடிமைச் சட்டம் அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தே ஆகவேண்டும் என்று எழுதிவைத்திருந்தது. ஞானஸ்நானம் வாங்கியவரைச் சந்தையில் விற்கக் கூடாது என்று மட்டும் எழுதவில்லை.

அக்காலக் கோயில்களுக்கு உண்டியலைவிட இருக்கை வாடகைதான் வருமானம். ஒரு குடும்பம் ஆண்டுக்கு இவ்வளவு என்று கட்டி, ஒரு பெஞ்சைத் தன் பெயரில் வைத்துக்கொள்ளும். கட்டாதவன் பின்னால் நிற்கவேண்டியதுதான். புதுக்கோயில் திறக்கச் சில மாதங்கள் இருக்கையில் நடு அடுக்குக் குடும்பங்கள் பெஞ்சு வாங்கத் தொடங்கின. செய்தி பரவியதும் வெள்ளைக் குடும்பங்களும் போட்டிக்கு வந்தன. பங்கு மக்கள் இதை இன்றைக்கும் இருக்கைப் போர் என்றுதான் சொல்கிறார்கள். வெள்ளையர் ஒன்று வாங்கினால் இவர்கள் மூன்று வாங்கினார்கள் என்பது பங்கு வரலாறு. அத்தோடு நிற்காமல், இரு பக்கச் சுவரோரம் இருந்த பெஞ்சுகளுக்கும் இவர்களே பணம் கட்டி, அவற்றை அடிமைகளுக்கு விட்டுவிட்டார்கள். அடிமைகளுக்குத் தமக்கென்று உட்கார்ந்து பூசை காண ஓர் இடம் இப்படித்தான் கிடைத்தது.

இதில் நான் பெரிதாக மதிப்பது இரண்டாவது காரியத்தை. நடுவரிசைக்காக மோதியதில் வீம்பும் கௌரவமும் கலந்திருக்கும். நாம் திருவிழாச் சப்பரத்துக்கு உபயம் எழுதுகிறபோது போடுகிற போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரோரப் பெஞ்சால் மட்டும் யாருக்கும் ஒரு பெயரும் கிடைத்திருக்காது. ஆனால் வரைபடத்தையும் கவனியுங்கள். நடுவில் தாங்கள், ஓரத்தில் அடிமைகள். அது சமபந்தி அல்ல. அந்த நடு அடுக்குக் குடும்பங்களிலேயே அடிமைகளை வைத்திருந்தவர்கள் உண்டு. இதை விட்டுவிட்டு இருக்கைப் போரைச் சுற்றுலாக் கதையாகச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆன்ரியெத் டெலீலை எடுத்துக்கொள்வோம். 1812இல் பிறந்தவர், நடு அடுக்குக் குடும்பம். அந்த அடுக்கில் அழகான பெண்ணுக்கு எழுதிவைத்த வாழ்க்கை, ஒரு வெள்ளைச் சீமானுக்குச் சட்டப்படி மனைவியாகாத துணையாக இருப்பது. அவர் அதை மறுத்தார். கோயில் திறந்த அடுத்த மாதமே, நவம்பர் 21 அன்று, இந்தப் பீடத்தின் முன் தோழி ஜூலியெத் கோதேனோடு முழந்தாளிட்டுத் தம்மை ஒப்புக்கொடுத்தார். திருக்குடும்ப சகோதரிகள் சபை பிறந்தது அப்படி. அடிமைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார்கள், எத்தனையோ குழந்தைகளுக்கு ஞானத்தாயாக நின்றார்கள், கைவிடப்பட்ட முதியவர்களைக் கூட்டிவந்து வைத்துப் பார்த்தார்கள். 2010இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. அதே டெலீல் பெயரிலும் ஓர் அடிமைப் பெண் இருந்தாள். அவர் 1862இல் இறந்து, உள்நாட்டுப் போரும் முடிந்தபின், முன்பு அடிமையாக இருந்த ஒரு பெண்ணைச் சபையில் சேர்க்கலாமா என்பதில் சகோதரிகள் இரண்டு பட்டார்கள். நிறத்தால் ஒதுக்கப்பட்டவர்களுக்காகத் தொடங்கிய சபைக்குள்ளும் இன்னும் கறுத்தவளை ஒதுக்குகிற புத்தி இருந்திருக்கிறது. வடக்கன்குளம் கோயிலுக்குள் இருந்த சாதிச் சுவரையும், திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துச் சாதிச் சுவரையும் கேள்விப்பட்டு வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. டெலீலை இதற்காக நான் குறைத்து மதிப்பிடவும் இல்லை. கறை இல்லாத கையால்தான் கதவைத் திறக்கவேண்டும் என்றால் எந்தக் கதவும் திறந்திருக்காது.

ஹோமர் பிளெஸ்ஸியும் இந்தப் பங்குக்காரர்தான். செருப்புத் தைக்கும் தொழிலாளி. பார்வைக்கு வெள்ளையர், கொள்ளுப்பாட்டி வழியில் எட்டில் ஒரு பங்கு ஆப்பிரிக்க ரத்தம். 1892 ஜூன் 7 அன்று முதல் வகுப்புச் சீட்டு வாங்கி வெள்ளையர் பெட்டியில் ஏறி உட்கார்ந்து, நடத்துநரிடம் தாம் யார் என்று சொல்லிக் கைதானார். எல்லாம் முன்கூட்டித் திட்டமிட்டது. ரயிலில் நிறத்துக்கு ஒரு பெட்டி என்ற லூசியானாச் சட்டத்தை நீதிமன்றத்துக்கு இழுக்கக் கிரியோல் குடிமக்கள் குழு ஒன்று காசு திரட்டியிருந்தது. அதிலும் கத்தோலிக்கர்களே நிறைய. 1896இல் உச்சநீதிமன்றம், தனித்தனியாக இருந்தாலும் சமமாக இருந்தால் போதும் என்று தீர்ப்புச் சொன்னது. ஏழு நீதிபதிகள் ஒரு பக்கம், ஹார்லன் ஒருவர் மறுபக்கம். அந்தத் தீர்ப்பின் நிழலில் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் பள்ளிகள் பிரிந்து கிடந்தன. லூசியானா ஆளுநர் பிளெஸ்ஸிக்கு மன்னிப்பு வழங்கியது 2022இல்.

தீர்ப்புக்கு முந்தின ஆண்டு, 1895இல், நியூ ஆர்லியன்ஸ் பேராயர் ஜான்சென்ஸ் கறுப்பர்களுக்கென்று தனியாகப் புனித கேத்தரின் கோயிலைத் திறந்தார். அவர் கெட்டவர் அல்ல. தங்களுக்கென்று ஒரு கோயில் இருந்தால் கறுப்பினக் கத்தோலிக்கர் பின்வரிசையில் ஒடுங்கி உட்காரவேண்டியதில்லை, சபையை விட்டு ஓடவும் மாட்டார்கள் என்று நம்பினார். பணம் தந்தவரும் பிற்பாடு புனிதராக்கப்பட்ட மதர் கேத்தரின் ட்ரெக்ஸல். ஆனால் ரயிலில் தனிப்பெட்டியை எதிர்த்து வழக்காடிக்கொண்டிருந்த அதே கிரியோல்கள் தனிக்கோயிலையும் எதிர்த்தார்கள். விருப்பமுள்ளவர் போகலாம் என்று தொடங்குவது, இனி நீங்கள் அங்கேதான் போகவேண்டும் என்று முடியும் என அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அப்படியேதான் ஆயிற்று. அடுத்த நூற்றாண்டின் முதல் பாதியில் வெள்ளையர் பங்குகளில் கறுப்பருக்குக் கடைசிப் பெஞ்சு, அதில் மாட்டிய அறிவிப்புப் பலகை, நற்கருணைக்கு எல்லாரும் போய் வந்தபின் கடைசி முறை.

பலகைகளை எடுக்கச் சொன்னவர் பேராயர் ரம்மல். 1953இல் சுற்றுமடல் எழுதி, பெஞ்சிலும் நற்கருணை வரிசையிலும் இனி நிறம் பார்க்கக் கூடாது என்றார். 1955 அக்டோபரில் ஜெசூட் பெண்ட் என்ற சிற்றூரில் பூசை வைக்கப் போன கறுப்பினக் குருவைச் சிலர் மறித்தார்கள். ரம்மல் என்ன செய்தார் தெரியுமா? அந்த ஊர்க் கோயிலில் பூசையையே நிறுத்திவிட்டார். குருவை ஏற்காதவர்களுக்குக் குருத்துவம் தருகிற திருப்பலி எதற்கு என்பது அவர் கணக்கு. 1962இல் கத்தோலிக்கப் பள்ளிகளில் இரு நிறப் பிள்ளைகளையும் சேர்த்தபோது, வெளிப்படையாக எதிர்த்துக் கிளப்பிவிட்ட மூவரைத் திருச்சபையிலிருந்தே விலக்கினார். ஒருவர் லியாண்டர் பெரெஸ், அரசியலில் பெரிய தலை. ஆயர்கள் சும்மா இருந்தார்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவோம். இருந்தவர்கள் நிறைய உண்டு, இவர் இருக்கவில்லை. ஆனால் சுற்றுமடல் எழுதிய 1953க்கும் பள்ளிக்கதவு திறந்த 1962க்கும் நடுவே ஒன்பது ஆண்டுகள் போய்விட்டன என்பதையும் சொல்லவேண்டும்.

இந்த இடத்தில் நம்மில் ஒருவர் கேட்பார்: ‘அப்படியானால் தமிழ்ப் பூசையும் தனிக்கோயில்தானே? அதையும் விட்டுவிடலாமா?’ நியாயமான கேள்வி. என் அம்மாவுக்கு ஆங்கிலப் பூசையில் ஒரு மண்ணும் ஏறாது. தாய்மொழியில் செபிக்க இடம் கேட்பதில் குற்றம் இல்லை. கறுப்பருக்கென்று பிரித்துவிட்ட பங்குகளையும் அந்த மக்கள் தங்கள் சொந்த வீடாக்கிக்கொண்டார்கள். நற்செய்திப் பாடல்களும் பள்ளியும் பித்தளை வாத்தியக் குழுவும் அங்கேதான் வளர்ந்தன. தனியாகக் கூடுவது வேறு, ஒருத்தரைத் தனியாக ஒதுக்குவது வேறு. நாம் கூடுவதற்கு இடம் பார்க்கிற போக்கிலேயே இன்னொருத்தரை ஒதுக்குகிறோம் என்பதுதான் என் குறை.

இனி 2006. கத்ரீனா புயல் அடித்து அரை ஆண்டுதான் ஆகியிருந்தது. மறைமாவட்டம் பல பங்குகளை மூடுவதாக அறிவித்த பட்டியலில் புனித அகுஸ்தினாரும் இருந்தது. ஆள் குறைவு, பணம் குறைவு என்று காரணம் சொன்னார்கள். கணக்குப்படி அது பொய் அல்ல. ஆனால் ஆள் ஏன் குறைந்தது? 1960களில் கிளேபோர்ன் அவென்யூவின் ஓக் மரங்களை வெட்டி, அந்தக் கறுப்பின வணிகத் தெருவின் தலைமேல் நெடுஞ்சாலைப் பாலத்தை ஏற்றினார்கள். கலையரங்கமும் பூங்காவும் கட்டுகிறோம் என்று ட்ரெமேயில் தெருத்தெருவாக வீடுகளை இடித்தார்கள். குடும்பங்கள் சிதறிப்போயின. அதன்பின் பங்கில் ஆள் இல்லை என்றால் எப்படி இருக்கும்?

பங்குத்தந்தை ஜெரோம் லெடூ, கறுப்பினத்தவர், மக்களின் செல்லப்பிள்ளை. அவரை வேறிடம் அனுப்பினார்கள். மார்ச்சில் கொஞ்சம் இளைஞர்கள் பங்கு இல்லத்துக்குள் புகுந்து உள்ளே தாழிட்டுக்கொண்டார்கள். சுமார் மூன்று வாரம். புதிதாக வந்த குருவின் ஞாயிறு பூசையில் கோயிலுக்குள்ளேயே பதாகை தூக்கிக் குரல் எழுப்பினார்கள். பூசை பாதியில் நின்றது. பீடத்தின் முன் அப்படிக் கத்தியது எனக்கு இன்றும் உறுத்துகிறது, சரி என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் கத்தியிராவிட்டால் கோயில் இருந்திருக்காது. ஏப்ரலில் பேராயரகம் இறங்கிவந்து, தவணை கொடுத்து, ஆளும் வருமானமும் கூட்டிக் காட்டினால் பங்கு நீடிக்கும் என்றது. காட்டினார்கள்.

கோயிலின் பக்கச் சுவரை ஒட்டி ஒரு நினைவிடம் இருக்கிறது. நீங்கள் படம் எடுத்திருப்பீர்கள். பெயர் தெரியாத அடிமையின் கல்லறை, 2004இல் வைத்தது. கப்பலில் போடுகிற தடிமனான சங்கிலி. வளையத்தோடு வளையம் பற்றவைத்துச் சிலுவையாக்கி, விழப்போவதுபோல் சாய்த்து நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு வளையமும் என் உள்ளங்கையைவிடப் பெரிது. கைவிலங்கும் கால்விலங்கும் அதில் தொங்குகின்றன. தொட்டால் துரு விரலில் ஒட்டும். ஆகஸ்டு வெயிலில் தொடவே முடியாது. சுற்றித் தரையில் சின்னச் சின்னச் சிலுவைகள். உள்ளே ஞாயிறு பூசைக்கு வருகிற பங்கு மக்களுக்கு இது காட்சிப்பொருள் அல்ல, குடும்பக் கல்லறை.

இப்போது நம் திருத்தந்தையின் தாத்தா பாட்டியிடம் வருவோம். 1900 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவர்களைக் கறுப்பர் என்று குறித்திருக்கிறது. சிகாகோவுக்குக் குடிபோனபின், 1920 கணக்கெடுப்பில் அதே குடும்பம் வெள்ளையர். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இருந்ததில்லை என்று திருத்தந்தையின் அண்ணன் நிருபர்களிடம் சொன்னார். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. வேலை, வீடு, பிள்ளைகளின் பள்ளி எல்லாமே அந்த ஒரு கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்திருந்த காலம். நான் நம்மைப் பற்றித்தான் சொல்லவருகிறேன். இந்த நாட்டுக்கு வந்து பத்து ஆண்டில் வீட்டுத்தரகர் சொல்லித்தராமலே நமக்கு ஒரு வரைபடம் மனப்பாடமாகிவிடுகிறது. எந்தப் பள்ளி, எந்தத் தெரு, எந்தக் கோயில். நம்மையும் யாரோ ஒரு கட்டத்தில் எழுதுவதற்குள், நாமே முந்திக்கொண்டு நல்ல கட்டமாகப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறோம்.

விளைவு என்ன என்று நடைமுறையாகவே சொல்கிறேன், பங்குக் கணக்குப் பார்க்கிற நிதிக்குழுவில் இருந்த அனுபவத்தில். அமெரிக்காவில் ஒரு பங்கு பிழைப்பதும் மூடுவதும் சில எண்களைப் பார்த்துத்தான். பதிவு செய்த குடும்பங்கள், வாரக் காணிக்கை உறை, ஞானஸ்நானமும் திருமணமும் எத்தனை, அப்புறம் தலைக்கணக்கு. பல மறைமாவட்டங்களில் அக்டோபர் மாத ஞாயிறுகளில் பூசைக்கு வந்தவர்களை எண்ணுவார்கள். பால்டிமோர் 2024இல் நகரப் பங்குகள் அறுபத்தொன்றை இருபத்துமூன்றாகக் குறைத்தபோது பேசியதும் இந்த மாதிரி எண்களைத்தான். புறநகர்க் கோயிலுக்கு நம் நாற்பது குடும்பங்கள் தேவையே இல்லை. பழைய பகுதிக் கோயிலுக்கு நாற்பது குடும்பம் என்பது அடுத்த பட்டியலில் பெயர் வராமல் போகிற அளவு. ஹால் வாடகை தனி. 1842இல் பெஞ்சுக்குப் பணம் கட்டியது போலத்தான் இதுவும்.

பாதுகாப்பு பற்றிக் கேட்டவர்களைக் குறைசொல்லவில்லை, பிள்ளை பெற்றவர்கள் கேட்கத்தான் வேண்டும். ஆனால் போய்ப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். நானும் வீட்டுக்காரரும் பிள்ளைகளோடு போனோம். வாசலில் வெள்ளைச் சேலை மாதிரி பளிச்சென்ற வெள்ளை உடுப்பும் வெள்ளைக் கையுறையுமாக நின்ற ஒரு பாட்டி, எங்கள் சின்னவளின் பெயரை மூன்று முறை சொல்லிப் பார்த்து, நாலாவது முறை சரியாகச் சொன்னார். ஈமச்சடங்கு நிறுவனத்தின் விளம்பரம் அச்சடித்த காகித விசிறி ஒன்றை அவள் கையில் கொடுத்து, தூண் ஓரமாக உட்கார்ந்திருந்த எங்களை எழுப்பி முன்னால் கூட்டிப்போனார். சமாதானம் சொல்லும் நேரத்தில் கோயில் முழுக்க எழுந்து நடந்து, ஒருத்தர் பாக்கியில்லாமல் கட்டிப்பிடித்தார்கள். குறை ஒன்று சொல்லவேண்டுமானால், பூசை முடிய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. நம் ஆட்கள் ஐம்பதாவது நிமிடத்திலேயே கார் சாவியைத் தடவுகிறவர்கள்.

வரும் சனிக்கிழமை இணையவழிக் கூட்டத்தில் இது பொருளாக வரும். அந்தக் கோயிலில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை நான்கு மணி காலி என்று பங்குத்தந்தை சொல்லியிருக்கிறார். கீபோர்டு கோயிலிலேயே உண்டு, தபேலா நாம் கொண்டுபோக வேண்டும். ஹாலில் சமைக்க அனுமதி இல்லை, வீட்டில் செய்து கொண்டுவந்து பரிமாறலாம். கார்களைத் தெருவில்தான் விடவேண்டும்; வயதானவர்களை வாசலில் இறக்கிவிட இடம் இருக்கிறது. அவர்கள் தரப்பில் கேட்டது ஒன்றே ஒன்று: தமிழில்தான் பூசை என்றாலும் தாங்களும் வந்து உட்காரலாமா என்று. தாராளமாக வாருங்கள் என்று உங்கள் எல்லார் சார்பிலும் சொல்லிவிட்டேன். ஆட்சேபம் இருப்பவர்கள் கூட்டத்தில் பெயரோடு சொல்லுங்கள், பேசுவோம்.

கிறிஸ்துவில் உங்கள் சகோதரி